ஒலிநாடாவும் ரசிகர் நினைவும்

கர்நாடக இசைக் கச்சேரியின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு, இசைத்தட்டு நிறுவனங்களின் பட்டியல்களைவிட, ரசிகர்கள் தமக்குள் கைமாற்றிக்கொண்ட ஒலிநாடாக்களிலும் அவற்றைச் சுற்றி அவர்கள் பேசிவந்த கச்சேரி நினைவுகளிலுமே நிறைவாகத் தங்கியிருக்கிறது. இதற்கு முதற்காரணம் இசைத்தட்டின் அளவு. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிட ஒலியே அடங்கும் என்பதால், ராகத்தைப் படிப்படியாக விரித்துக்காட்டும் ஆலாபனையும், பாட்டின் ஒரு வரியைத் தாளம் பிறழாமல் பலவிதமாகப் பாடிக்காட்டும் நிரவலும், அதைத் தொடர்ந்து சுரங்களை அவ்வப்போதே கற்பனை செய்து கோத்துப் பாடும் கற்பனாசுரமும் அதில் பெயரளவுக்கே இடம்பெற்றன. 1948இல் அறிமுகமான நெடுநேர இசைத்தட்டு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் தந்தபோதும், மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று நீளும் கச்சேரி அதற்குள்ளும் அடங்கவில்லை.

ஒலிப்பதிவே இல்லாத காலத்து வித்வான்களைப் பொறுத்தவரை, கேட்டவர்களின் சொல் ஒன்றுதான் சான்று. மகா வைத்தியநாதையர் (1844–1893) பாடிய விதம் பற்றி இன்று ஓரளவேனும் அறிய முடிகிறதென்றால், உ.வே.சாமிநாதையர் அவருடைய வரலாற்றைத் தனி நூலாக எழுதிவைத்ததற்கு அதில் பெரும் பங்குண்டு. லய வல்லமைக்குப் பேர்போன காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை 1934 வரை வாழ்ந்தும் அவர் குரல் எந்தப் பதிவிலும் கிடைக்கவில்லை. அவர் புகழ் முழுவதும் வாய்மொழியாகவே நிலைத்தது. கல்கி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய விமரிசனங்களும், இந்தக் கோணத்தில் பார்த்தால், ஒரு தலைமுறையின் செவி அனுபவத்தை எழுத்தில் ஏற்றிவைத்த ஆவணங்களே.

காந்த நாடாவில் பதியும் ஸ்பூல் கருவி முதலில் வசதி படைத்த ரசிகர்களின் வீடுகளுக்கும், பின்னர் 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட் எல்லோருடைய வீடுகளுக்கும் வந்த பிறகே முழுக் கச்சேரி ரசிகர் கைக்கு எட்டியது. சபாக்களிலும் திருமண வீடுகளிலும் நடந்தவை பதிவாயின. 1952இல் தொடங்கிய அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சியைச் சனிக்கிழமை இரவுகளில் வீட்டிலிருந்தே பிடித்துவைத்தவர்களும் உண்டு. 1968இல் மறைந்த மதுரை மணி ஐயரின் பாட்டு என்று இன்று கேட்கக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, இவ்வாறு கச்சேரிகளில் பதிவாகி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பிரதியாகப் போய்ச் சேர்ந்ததுதான். விலை கேட்காமல் பிரதி எடுத்துக் கொடுத்த அந்த ரசிகர்களுக்கு இசையுலகம் பட்டிருக்கும் கடன் பெரிது. நாடாவின் நீளம் இங்கும் ஒரு வெட்டை விழச்செய்தது. 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடத்தில் முடிந்துவிடும் என்ற கவலையில், பாடகர் ஓய்ந்திருக்க மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கருவியை நிறுத்திவிடும் பழக்கம் பலருக்கு இருந்தது. அதனால் பாட்டு பிழைத்த அளவுக்கு லய வித்வான்களின் கலை பிழைக்கவில்லை என்பது ஆறாத வருத்தம்.

பெயர், தேதி, ஊர் எதுவும் எழுதப்படாமல் வந்துசேரும் நாடாவை அடையாளம் காண ரசிகர்கள் கையாளும் வழிகள், கல்வெட்டு ஆய்வுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. லால்குடி ஜெயராமன், டி.என்.கிருஷ்ணன், எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன் ஆகிய மூவரில் வயலின் வாசிப்பவர் யார் என்பதை வில்லின் ஓட்டத்தைக் கொண்டே சொல்லிவிடும் செவிகள் உண்டு. மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளையுடையது என்று உறுதியானால், அவர் மறைந்த ஆண்டாகிய 1962க்குப் பிந்தியதாக அந்தக் கச்சேரி இருக்க முடியாது என்ற முடிவு தானே வந்துவிடுகிறது.

சுருதியும் இத்தகைய சான்றுதான். பாடுபவர் தம் குரலுக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளும் ஆதார ஒலி சுருதி எனப்படும். அதன் உயரத்தை ஆர்மோனியத்தின் கட்டைகளை வைத்து ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று எண்ணுவது வழக்கம். பிரதி எடுக்கும்போது நாடா ஏறத்தாழ 6 விழுக்காடு வேகமாக ஓடிவிட்டால், ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டையாக ஒலிப்பதோடு, 40 நிமிடம் பாடியது 38 நிமிடத்துக்குள் முடிந்து, விறுவிறுப்பும் உள்ளதைவிடக் கூடிவிடும். அதைக் கேட்டுவிட்டு அந்த வித்வான் துரித காலத்தில் நாட்டம் உடையவர் என்று எழுதுவது பிழையாகும். அவர் எந்தச் சுருதியில் பாடுவார் என்பதை நேரில் கேட்டறிந்த ரசிகரே இதைத் திருத்த வல்லவர். ஒலிவாங்கி மிருதங்கத்தை ஒட்டி வைக்கப்பட்டிருந்தால் பாட்டு அமுங்கிப்போகும். சபாவின் ஒலிபெருக்கியிலிருந்து நேரே எடுத்த பதிவில் குரல் ஓங்கி வயலின் தேய்ந்திருக்கும். அரங்கில் இவை எவ்வாறு இசைந்து ஒலித்தன என்பதற்கு நாடா சாட்சி சொல்லாது. நினைவுக்கும் இதே போன்ற குறை உண்டு: ஆண்டுகள் செல்லச்செல்ல ஆலாபனைகள் நீண்டுகொண்டே போகும், இரண்டு கச்சேரிகள் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே ஒரு பதிவைப் பகிர்ந்துகொள்ளும்போது அதைப் பற்றிய நினைவையும் சேர்த்துப் பகிர்வது பொழுதுபோக்குப் பேச்சன்று. இரண்டு குறைபட்ட சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பணி.

அரிய பதிவு என்று சொல்லி யாருக்கும் தராமல் பூட்டிவைக்கும் மனப்பான்மை இந்தப் பணியைக் கெடுக்கிறது. பூட்டிவைத்தாலும் நாடா நிலைப்பதில்லை. கடற்கரை ஊர்களின் வெப்பத்திலும் ஈரத்திலும் அதன் மேற்பூச்சு பிசுபிசுத்துப் பூஞ்சை பிடிக்கிறது. சுருளில் அடுத்தடுத்த அடுக்குகளின் காந்தப்பதிவு ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஓர் அடி பாடப்படுவதற்குச் சற்று முன்பே அது மெல்லக் கேட்கத் தொடங்குகிறது. ஆகவே பகிர்வது தேவை; கலைஞர் உரிமையை மதிப்பதும் உடன் செய்ய வேண்டியதே. 1994இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் மேடைக் கலைஞருக்குத் தம் நிகழ்ச்சியின்மேல் 25 ஆண்டு உரிமை வழங்கியது. 1999இல் அது 50 ஆண்டாயிற்று. சொந்தமாகக் கேட்பதற்கு ஒரு பிரதி வைத்திருப்பதும் பொதுவில் வெளியிடுவதும் ஒன்றல்ல என்பதால், கலைஞரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ இசைவு பெறுவதே முறை. சென்னையில் மியூசிக் அகாதெமியின் மின்னணு ஒலிக் காப்பகம் போன்ற இடங்களில் சேர்த்துவிட்டால் நாடாவும் பிழைக்கும், கேட்க விரும்புவோருக்கும் வழி கிடைக்கும்.

அவ்வாறு சேர்க்கும்போது கேட்டவரின் சொல்லையும் பதிந்து உடன் வைப்பது அவசரமான தேவையாகிவிட்டது. பாடகர் ஜி.என்.பாலசுப்பிரமணியம் மறைந்தது 1965இல். இளவயதில் அவரை நேரில் கேட்டவர்களே இப்போது எண்பதைக் கடந்தவர்கள். எந்த சபா, பக்கவாத்தியம் யார், ஒலிவாங்கி எங்கே இருந்தது, நாடா தீர்ந்த பின் என்னென்ன பாடப்பட்டன என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.