பாணித் தாச்சியின் அடி

கித்துள் பாணி காய்ச்சும் தாச்சி முதலில் தேய்வது அடியின் நடுவில்தான். கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கங்களிலும் இரத்தினபுரியில் கலவானை, இறக்குவானைப் பக்கங்களிலும் தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் காலையும் மாலையும் மரத்திலிருந்து இறங்கும் பதநீர் அன்றன்றே அடுப்பேற வேண்டும். வைத்திருந்தால் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்டச் சுண்டப் பாணி தாச்சியின் நடுக்குழியில் சேர்கிறது. றப்பர் விறகின் சுவாலை அதிகம் படுவதும் அங்கேதான்.

கித்துள் பதநீரில் சர்க்கரை பெரும்பாலும் பத்து வீதத்துக்கு மேல் இருப்பதால், ஏறக்குறைய 6 முதல் 8 லீற்றர் சுண்டினால் 1 லீற்றர் பாணி கிடைக்கும். கனடாவின் மேப்பிள் மரச்சாற்றில் சர்க்கரை 2 வீதமளவே. அங்கே 1 லீற்றர் பாணிக்குச் சுமார் 40 லீற்றர் சாறு வேண்டும். அதனால் தடுப்புகள் வைத்த தட்டையான நீள்சதுரத் தட்டத்தில் ஒரு பக்கம் சாறு விட்டு, மறுபக்கம் பாணியாக இறக்குகிறார்கள். கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கிய சப்ரகமுவவில் ஒரு தாச்சி, ஒரு தடவைக்கான சாறு. முழுச் சுமையும் அந்த ஒரே அடிக்குத்தான்.

நீர் தாராளமாக இருக்கும்வரை சாறு 100 பாகை செல்சியஸை ஒட்டியே கொதிக்கும். பாணிப் பதத்தில் சுமார் 104 பாகை. கருப்பட்டிக்கு 115ஐயும் தாண்டும். சேதம் நடப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில். குழம்பு தடித்து, அடியில் பிடித்துக் கருகுகிறது. அதைச் சுரண்டும் இரும்புக் கரண்டியும் தேய்க்கும் மணலும் கருகலோடு உலோகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுகின்றன.

அலுமினியத் தாச்சிக்குச் சாம்பலும் எதிரி. அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலம். சாம்பலின் காரம் அதைக் கரைத்துவிடும். புளித்த சாற்றின் அமிலமும் அதை அரிக்கும். பதநீர் புளிக்காமலிருக்க முட்டியில் போடும் சுண்ணாம்பு அளவு மீறினால் அதுவும் காரம்தான். ஹல் மரப்பட்டை போடும் பழைய வழக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை.

தேய்வைக் கண்டுபிடிக்கப் பட்டறைக்குப் போகவேண்டியதில்லை. கரியை நன்றாகக் கழுவிவிட்டு, தாச்சியை வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளிருந்து பார்த்தால் ஊசித்துளை ஒளியாகத் தெரியும். பிறகு தண்ணீர் நிரப்பி, காய்ந்த பலகை மேல் ஓரிரவு வைக்கலாம். ஆறிய தாச்சியில் இறுகிய சர்க்கரையே துளையை அடைத்திருக்கக்கூடும் என்பதால் கழுவாமல் செய்யும் சோதனை வீண். விரலால் அழுத்தும்போது அடி உள்வாங்கி மீண்டால், ஓட்டை விழாவிட்டாலும் அதன் காலம் முடிந்தது.

பழுது எந்த இடத்தில் என்பதே திருத்துவதா மாற்றுவதா என்பதைத் தீர்மானிக்கும். காது கழன்றாலோ விளிம்பு கிழிந்தாலோ திருத்தலாம். ஆனால் அலுமினியத்துக்கு அலுமினிய ஆணியே அடிக்கவேண்டும். இரும்பாணி அடித்தால் ஈரத்தில் இரு உலோகங்களுக்குமிடையே மின்னோட்டம் உண்டாகி, ஆணியைச் சுற்றி அலுமினியம் அரித்துப்போகும். அடியில் துளை விழுந்தால் கதை வேறு. ஆர்கன் வாயுவில் செய்யும் வெல்டிங் அலுமினியத்தையும் எவர்சில்வரையும் ஒட்டும் என்றாலும், தேய்ந்து தகடாகிப்போன அடியில் ஒரு துளையை அடைக்கும் சூடு பக்கத்தில் இன்னொன்றைத் திறந்துவிடுவது பட்டறைக்காரர் அறிந்ததே. எவர்சில்வரில் வெல்டிங் செய்த இடத்தின் நீல, மஞ்சள் கறையைத் தேய்த்து அகற்றாவிட்டால் துரு அங்கிருந்தே தொடங்கும். வெடித்த வார்ப்பிரும்புச் சட்டியை நம்பி அடுப்பில் ஏற்றமுடியாது. எபொக்சிப் பசை நெருப்புக்கும் ஆகாது, உணவுக்கும் ஆகாது.

மலிவென்று செய்யப்படும் ஈயப் பற்றுதான் எல்லாவற்றிலும் மோசம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசும் வெள்ளீயம் வேறு; மின்சாதனங்களை ஒட்டும் பற்றில் காரீயம் கலந்திருக்கலாம். அந்தக் கலவை 183 பாகையிலேயே உருகத் தொடங்கும். சாறு இருக்கும்வரை அது தாங்கலாம், அடி ஒருமுறை வற்றினால் இளகிவிடும். இளகாதபோதும் அமிலச் சாற்றில் காரீயம் மெல்லக் கரைகிறது. அதற்குச் சுவையோ மணமோ இல்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் கிடையாது. வட அமெரிக்காவின் மேப்பிள் தட்டங்களும் நெடுங்காலம் காரீயப் பற்றால் ஒட்டப்பட்டவைதான். 1990களின் நடுப்பகுதியில் உற்பத்தியாளர்கள் காரீயமில்லாப் பற்றுக்கும் வெல்டிங்குக்கும் மாறினார்கள். அதற்கு முற்பட்ட தட்டங்களைத் திருத்தாமல் மாற்றிவிடுமாறே அங்கு அறிவுரை சொல்லப்படுகிறது. காரீயப் பற்று வைத்த தாச்சிக்கும் அதுவே முறை. சமையலுக்கோ குடிநீர் காய்ச்சவோ அது உதவாது.

புதிதாக வாங்கும்போது ஒட்டில்லாமல் அழுத்தி எடுத்த தாச்சி நல்லது. பழைய எஞ்சின் பாகங்களை உருக்கி வார்த்த அலுமினியத்திலும் காரீயம் கலந்திருக்கலாம். எவர்சில்வரில் 304 ரகம் அமிலத்தைத் தாங்கும். அதில் 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். காந்தம் ஒட்டாததை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, மலிவான 201 ரகத்திலும் காந்தம் அவ்வளவாக ஒட்டாது. எவர்சில்வர் அலுமினியத்தின் பத்திலொரு பங்குக்கும் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துவதால், சுவாலை பட்ட இடம் மட்டும் கொதித்துப் பாணி கருகும். அடி தடிப்பானதாக வாங்கி, பதம் நெருங்கும்போது விறகை இழுத்துவிட்டு, மரத்துடுப்பால் கிளறவேண்டும். கருகல் பிடித்தால் சுரண்டாமல், தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி ஊறவிட்டால் அது தானாகவே கழன்றுவரும்.