அழகுசாதனப் பொருட்களுக்குப் படம் எடுப்பது எப்படி?

சவர்க்காரம், முகக் கிறீம், தலைக்கு எண்ணெய், மருதோன்றிக் கோன் என்று வீட்டிலேயே தயாரித்து விற்கும் சிறு வியாபாரிகள் இன்று நம்மத்தியில் பலர். கடைக்கு வருபவர் பொருளைத் தொட்டு, முகர்ந்து பார்த்து வாங்குவார். வாட்ஸ்அப்பில் வாங்குபவருக்கோ படம் மட்டுமே உண்டு. ஆகவே படமும் ஒரு வகையில் நாம் காட்டும் 'சாம்பிள்'தான்.

"கொழும்புக் கம்பனிகள் மாதிரி ஸ்டூடியோ வைக்க நமக்கு ஏது வசதி?" என்று தோட்டவெளியில் ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். பெரிய வசதி தேவையில்லை. நேர் வெயில் விழாத ஒரு ஜன்னல், வெள்ளை பிறிஸ்டல் போட் ஒன்று, ஒரு ரெஜிபோம் துண்டு, கையிலிருக்கும் போன் போதும்.

போட்டைச் சுவரில் சாய்த்து, மடிப்பு விழாமல் வளைத்து மேசை மீது விரியுங்கள். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் ரெஜிபோம்; நடுவில் பொருள். ரெஜிபோம் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து நிழலை மென்மையாக்கும். மன்னாரின் உச்சி வெயில் கறுத்த நிழலை விழுத்தும். அப்போது ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் பொருளின் நிறம் மாறித் தெரியும்.

எண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் எண்ணெயின் நிறம் எடுப்பாகத் தெரியும். விரல் அடையாளங்களைத் துடைத்துவிடுங்கள். போனை மிகக் கிட்டத்தில் பிடித்தால் போத்தல் கோணலாகும். சற்று விலகி நின்று ஸூம் செய்யுங்கள். நீர்த்துளி வேண்டுமானால் கிளிசரினைத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள், விரைவில் காயாது. பனையோலைப் பெட்டி, தேங்காய் முறி, கடல் மணல் போன்ற நம்மூர்ப் பொருட்களே நல்ல அலங்காரம். பெண்ணின் முகத்தைக் காட்ட வேண்டும் என்பதுமில்லை. டப்பாவை ஒரு கையில் வைத்து எடுத்தால் அதன் உண்மையான அளவும் புரியும்.

ஆனால் கற்பனைக்கு ஓர் எல்லை உண்டு. சவர்க்காரத்தில் கற்றாழை சேர்க்காவிட்டால் பக்கத்தில் கற்றாழையை வைக்காதீர்கள். அது வாயால் சொல்லாத பொய். 2011இல் பிரிட்டனின் விளம்பரத் தர அதிகாரசபை, லோரியல் நிறுவனத்தின் இரண்டு முகப்பூச்சு விளம்பரங்களைத் தடை செய்தது. படம் காட்டும் பலனைப் பொருள் உண்மையில் தரும் என்று அந்நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை. நமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது.

மருதோன்றி விற்பவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள். அசல் மருதோன்றி முதலில் செம்மஞ்சளாகப் பிடித்து, ஓரிரு நாளில்தான் கடும் சிவப்பாகும். சிறிது நேரத்தில் கன்னங்கரேலெனப் பிடிக்கும் 'கறுப்பு மருதோன்றி'யில் பெரும்பாலும் பிபிடி என்ற தலைச்சாயம் கலந்திருக்கும். அது தோலைக் கொப்பளிக்கச் செய்யலாம். ஆகவே படத்தின் நிறத்தைப் போனில் கறுப்பாக்காதீர்கள். போட்ட அன்று ஒரு படம், மறுநாள் ஒரு படம் எடுத்து இரண்டையும் போடுங்கள்.

படத்தைப் பார்த்து ஒருவர் ஒரு தடவை வாங்குவார். படத்தில் கண்டதே கைக்கு வந்தால்தான் மறுமுறையும் நம்மிடம் வருவார்.