இரண்டாவது பெயர், மூன்றாவது துளை

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் வாக்குச்சீட்டைப் பெரிய எழுத்தில் அச்சிட்டார்கள். முதியவர்கள் சிரமமின்றிப் படிக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பெயர்கள் ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. இடமும் வலமுமாகப் பிரித்து, வாக்களிக்கக் குத்த வேண்டிய துளை வரிசையை நடுவில் வைத்தார்கள். கோளாறு அங்கேதான் தொடங்கியது. இடப்பக்கத்தில் வேட்பாளர்களில் முதலில் புஷ், அடுத்து அல் கோர். மேலிருந்து கீழே படித்து வருபவர் இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளை என்றுதான் நினைப்பார். அதுவோ வலப்பக்கத்திலிருந்த இன்னொரு வேட்பாளரான பியூக்கானனுக்கு உரியது, கோருக்கு மூன்றாவது. அம்புக்குறிகள் இருந்தும் படிக்கும் பழக்கம் முந்திக்கொண்டது. 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளால் செல்லாதவையாயின.

கவனமில்லாமல் குத்தியது வாக்காளர் தவறுதானே என்று கேட்கலாம். ஆனால் அதே கவுண்டியில் தபால் வாக்குச்சீட்டு இப்படி அமைக்கப்படவில்லை. அதில் பியூக்கானன் பெற்ற விகிதத்தைப்போல் சுமார் நான்கு மடங்கை வாக்குச்சாவடிச் சீட்டுகளில் பெற்றார். ஊரும் வேட்பாளர்களும் மாறவில்லை. மாறியது சீட்டின் வடிவம். கவனக்குறைவு மட்டுமே காரணம் என்றால் தவறுகள் எல்லாப் பக்கமும் சிதறியிருக்கும், ஒருவர் பக்கமே குவிந்திருக்காது. பெயரும் துளையும் ஒரே நேர்வரிசையில் இருந்திருந்தால் போதும். அச்சுக்கு அனுப்புமுன் பத்து முதியவர்களிடம் மாதிரிச் சீட்டைக் கொடுத்துக் குத்தச் சொல்லியிருந்தாலும் குழப்பம் வெளிப்பட்டிருக்கும். ஃபுளோரிடா மாநிலத்தில் புஷ் வென்றது 537 வாக்கு வித்தியாசத்தில்.