மோதுகிற வாளா, மின்னுகிற வாளா?

எங்கள் குழுவின் சரித்திர நாடகங்களுக்குச் சண்டைப் பயிற்சி கொடுப்பதும் வாள் வாங்குவதும் என் பொறுப்பு. நாடகக் குழுவில் பணம் எப்போதும் இழுபறிதான். ஆனால் குறைந்த விலையிலும் நல்ல வாள் கிடைக்கும். எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் முதலில் கண்ணில் படுவது சுவரில் மாட்டுகிற எவர்சில்வர் வாள். முகம் பார்க்கலாம், அப்படி மின்னும், துருவும் பிடிக்காது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கலாம், மோத விடக் கூடாது. அத்தனை நீளத்துக்கு அது அடி தாங்காமல் முறியும். முறிந்த துண்டு பார்வையாளர்கள் பக்கமே பறக்கலாம். மோதலுக்கு வேண்டியது கார்பன் ஸ்டீல். லாரிப் பட்டைக்குப் போடும் ஸ்பிரிங் ஸ்டீலும் இந்தக் குடும்பம்தான். மீரட், டேராடூன் பட்டறைகளிலிருந்து வெளிநாடுகளுக்கே வாள் போகிறது. மீரட் வாள்களில் ‘இ.என். 45’ என்ற ஸ்பிரிங் ஸ்டீலைப் பார்க்கலாம்.

அடுத்தது பிடி. அலகின் அடிப்பகுதி பிடிக்குள் வாலாக இறங்குகிறது. மட்டமான வாளில் அந்த வால் வெறும் கம்பி. அலகோடு வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பார்கள். வெளியே தெரியாது. பின்முனைக் குமிழ் திருகு வைத்ததாக இருந்தால் கழற்றிக் காட்டச் சொல்வேன். அலகும் வாலும் ஒரே இரும்பாக, அகலமாகத் தொடங்கிப் படிப்படியாகக் குறுகி வர வேண்டும். கழற்ற முடியாதபடி வால்நுனியை அடித்து மழுக்கியிருந்தால், பிடியை இறுக்கிப் பிடித்து அலகை உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பேன். நல்ல வாள் ஒரே சீராக அதிர்ந்து அடங்கும். பிடிக்குள் கடகடவென்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பதமும் முக்கியம். முனையைத் தரைப்பலகையில் ஊன்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு லேசாக வளைக்க வேண்டும். விட்டதும் நேராக நிமிர்ந்தால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் இரும்பு மிருது. கொஞ்சமும் வளையாமல் முரண்டு பிடித்தால் வேறொன்றைப் பார்ப்பது நல்லது.

கனமான வாள்தான் உறுதி என்று புது நடிகர்கள் நினைக்கிறார்கள். ஒற்றைக் கை வாளுக்கு 1 கிலோவிலிருந்து 1.3 கிலோ போதும். கைக்காப்பிலிருந்து 7 முதல் 12 செ.மீ. தள்ளி விரல்மேல் வைத்தால் சாயாமல் நிற்க வேண்டும். முனை கனத்த வாள் வீசுகிறவர் கையையே இழுத்துக்கொண்டு போகும். மேடைச் சண்டையில் வீசுவதைவிட நிறுத்துவதுதான் வித்தை. எதிரே நிற்பவர் நம் சக நடிகர். நினைத்த இடத்தில் நிற்காத வாளை அவர்முன் எடுத்துப் போகவே கூடாது.

விளிம்பு சுமார் 2 மி.மீ. தடிப்பில் தட்டையாகவும், முனை உருண்டையாகவும் இருக்க வேண்டும். கூரான வாளை மழுக்கி விற்பவர்களும் உண்டு. அதன் விளிம்பு மெலிந்தே இருப்பதால் சீக்கிரம் பல் விழும். நல்ல வாளிலும் மோத மோதப் பல் விழத்தான் செய்யும். அதன் ஓரத்தில் எழும் பிசிர் விரலைக் கிழிக்கும். விரிசலும் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் ஒத்திகை முடிந்ததும் விளிம்பு நெடுகத் துணியை ஓட்டிப் பார்க்கிறோம். துணி மாட்டுகிற இடத்தை அரத்தால் ராவி, எண்ணெய் தடவி வைக்கிறோம். விரிசல் கண்ட வாள் மறுபடி மேடை ஏறாது.

விலை குறைந்த வாளில் சில குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். அலகில் சாணைக் கோடு தெரியலாம், பிடியின் தோல்சுற்று கோணலாக இருக்கலாம், உறை மலிவாக இருக்கலாம். மேடை விளக்கில் இவை எதுவும் தெரியாது.

ஆறு சுமாரான வாள் வாங்கப் பணம் இருந்தால், அதில் இரண்டு நல்ல வாளாக வாங்குங்கள். நாடகத்தில் உண்மையாக மோதிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர்தான்; பின்னால் அணிவகுத்து நிற்கும் வீரர்களுக்கு மர வாள் தாராளமாகப் போதும்.