முயலுக்குத் தெரிந்த புரதம்

சோடியம் அயனி சிறியது, பொட்டாசியம் அயனி அதைவிடப் பெரியது. இவற்றின் ஆரங்கள் முறையே 0.95, 1.33 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். பெரியதைப் போகவிட்டுச் சிறியதை நிறுத்தும் வழி எங்காவது உண்டா? நம் நரம்புச் செல்களின் சவ்வில் உண்டு. பொட்டாசியம் கால்வாய் என்ற புரதம் நொடிக்குப் பத்துக் கோடி வரை பொட்டாசியம் அயனிகளை விடுகிறது. ஆயிரம் பொட்டாசியம் போனாலும் ஒரு சோடியம் போவது அரிது.

நீரில் உள்ள அயனியை எப்போதும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். கால்வாயின் குறுகலான பகுதிக்குள் நுழைய வேண்டுமானால் அவற்றை உதற வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். பொட்டாசியம் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் எட்டு ஆக்சிஜன் அணுக்கள், நீர் பிடித்திருந்த அதே நெருக்கத்தில் அதைப் பிடித்துக்கொள்கின்றன. இழந்தது அப்படியே ஈடாகிவிடுகிறது. சோடியத்துக்கோ அந்த இடம், குழந்தையின் கையில் மாட்டிய தாயின் வளையல் போலத் தொளதொளக்கிறது. பிடிப்பு இல்லாத இடத்துக்காக அது ஏன் நீரை விட்டுவரும்?

ராடரிக் மெக்கின்னன் 1998-ல் ஒரு மண் பாக்டீரியாவின் கால்வாயில் இந்த அமைப்பைக் கண்டார். 2003-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வியப்பு என்னவென்றால், மண்ணில் கிடக்கும் அந்த நுண்ணுயிரிலும் மனித மூளையிலும் இந்தப் பகுதி ஏறக்குறைய ஒன்றேதான். படைத்தவன் சரியாக அமைந்ததைத் திருத்துவதில்லை போலும்! 2001-ல் எலியின் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) துண்டு ஒன்றைக் கால்வாயோடு சேர்த்துப் படிகமாக்கிய பிறகுதான், பொட்டாசியத்தைச் சூழ்ந்த ஆக்சிஜன்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

எதிர்ப்பொருளின் பெருமையும் கால்வாயின் பெருமைக்குக் குறைந்ததல்ல. மூளையில் எந்தக் கால்வாய் எங்கே இருக்கிறது என்று தேட ஆய்வாளர்கள் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். மனிதனில் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திறக்கும் பொட்டாசியம் கால்வாய்களுக்கு மட்டும் சுமார் 40 மரபணுக்கள் உள்ளன. அயனி செல்லும் வழி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி; வால் பகுதிதான் பெரும்பாலும் வேறுபடும். ஆகவே வாலிலிருந்து பதினைந்து, இருபது அமினோ அமிலங்கள் கொண்ட துண்டைச் செயற்கையாகச் செய்து முயலுக்கு ஊசி போடுகிறார்கள். அவ்வளவு சிறிய துண்டை முயலின் உடல் பொருட்படுத்தாது என்பதால், கலிபோர்னியக் கடலோரத்து நத்தை ஒன்றின் நீல இரத்தத்தில் உள்ள பெரிய புரதத்தோடு அதைப் பிணைத்துத் தருவதும் உண்டு.

சில வாரங்களில் முயலின் இரத்தத்தில் அந்தத் துண்டைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது. ஆய்வகத்தில் நேற்றுப் பிறந்த துண்டை முயலுக்கு யார் அறிமுகம் செய்தது? யாரும் செய்யவில்லை. எதிரி வருமுன்பே, விதவிதமான எதிர்ப்பொருள்களைச் செய்யவல்ல எண்ணற்ற செல்களை உடல் ஆயத்தமாக வைத்திருக்கிறது. மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்து உடல் இந்தப் பன்மையை உண்டாக்குவதைக் கண்டறிந்த சுசுமு டொனேகாவாவுக்கு 1987-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. பொருந்தும் செல் முயலுக்குள் முன்பே இருந்தது. அது பெருகியது, அவ்வளவே. இதை நினைக்கும்போது கை கூப்பத்தான் தோன்றுகிறது.

1993-ல் இத்தகைய எதிர்ப்பொருள்கள் சுண்டெலியின் நரம்பில் ஓர் ஒழுங்கைக் காட்டின. கேவி 1.1, கேவி 1.2 என்னும் பொட்டாசியம் கால்வாய்கள், நரம்பிழையைப் போர்த்தும் மயலின் உறை இடைவெளி விடும் ரேன்வியர் கணுவுக்கு இருபுறமும், உறையின் அடியில் அணிவகுத்திருந்தன. கணுவின் நடுவிலோ சோடியம் கால்வாய்கள். ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால், மைக்ரான் கணக்கில் அளக்கும் இடத்துக்குள் ஒன்றின் எல்லையில் மற்றது கலக்காமல் நிற்பது தெரியும்.

ஆனால் எதிர்ப்பொருள் புட்டியில் ஒட்டிய பெயரை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது. சில எதிர்ப்பொருள்கள் வேறு புரதங்களையும் பற்றிக்கொள்ளும். அந்தக் கால்வாயின் மரபணுவையே நீக்கிய எலியின் மூளைச் சீவலில் சோதித்துப் பாருங்கள். அங்கும் ஒளிர்ந்தால் அந்தப் புட்டியை ஒதுக்கிவிடுங்கள்.