கிளந்தான் அக்கா வீட்டில் இரண்டு நாள்

தோட்டப்புறத்து மக்களுக்கு விருந்தாளி என்றால் தனி மதிப்பு. லயத்து வீட்டில் இரண்டே அறை இருக்கும். அதில் ஆறு பேர் படுத்திருப்பார்கள். ஆனாலும் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றால், "பசியாறிட்டீங்களா?" என்ற கேள்விதான் முதலில் வரும். எங்கிருந்து வந்தீர்கள், என்ன சங்கதி என்பதெல்லாம் கோப்பி குடித்து முடித்த பிறகுதான்.

சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகப் போகிற நமக்கு வரவேற்புக்குப் பஞ்சம் இல்லை. மாலை போடுவார்கள், கைதட்டுவார்கள், ரொட்டியும் தேநீரும் வரும். ஆனால் கூட்டத்துக்குப் போகிறவனுக்குக் கிடைக்கும் வரவேற்பு வேறு, உறவாகப் போகிறவனுக்குக் கிடைக்கும் சோறு வேறு. அந்த இரண்டாவது வகைச் சோற்றை 2025 ஜூலையில் கிளந்தானில் சாப்பிட்டு வந்தோம். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

கிளந்தானில் தமிழர்களா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். பேராக், சிலாங்கூர், ஜொகூர் மாதிரி அங்கே நம்மவர் தொகை பெரிது இல்லை. ஆனால் கோலக்கிராய் வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறார்கள். அந்த மாநிலம் முழுமைக்கும் உள்ள ஒரே தமிழ்ப்பள்ளியான பாசிர் காஜா தோட்டத் தமிழ்ப்பள்ளியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நம் தோழியை நாம் அறிந்தது 2005-இல். பேராக்கில் நடந்த ஒரு சங்கப் பயிற்சிக்குக் கிளந்தானிலிருந்து தனி ஆளாக வந்தவர். பஸ் தாமதமாகி, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வந்து இறங்கினார். தங்கும் விடுதிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அன்றிரவு அவர் தங்கியது நம் வீட்டில். மறுநாள் காலையில் நம் துணைவியாரும் அவரும் அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தால் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றே தோன்றும். நம்மைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அன்றிலிருந்து நம் வீட்டில் அவர் 'அக்கா'. நம்மை மட்டும் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்.

"ஒரு தடவ நம்ம ஊட்டுக்கு வாங்க" என்று இருபது ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று நாமும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவருடைய கணவர் தவறியபோதுகூட நம்மால் போக முடியவில்லை. அப்போது பாதையெல்லாம் வெள்ளம்.

தாப்பா ரோட்டில் ரயில் ஏறி, கெமாசில் இறங்கி, ராத்திரி ரயிலில் வடகிழக்கே போக வேண்டும். கெமாஸ் முதல் தும்பாட் வரை 500 கிலோமீட்டருக்கு மேல். ஒற்றைத் தண்டவாளம், இரண்டு பக்கமும் காடு. விடிந்து பார்த்தால் சன்னலுக்கு வெளியே பனிமூட்டமும் சுண்ணாம்பு மலையும். இந்தப் பாதை முழுதாகத் திறந்தது 1931-இல். ஜப்பான்காரன் காலத்தில் இதன் தண்டவாளத்தில் பெரும் பகுதியைப் பிடுங்கி, சயாம்-பர்மா ரயில் போடக் கொண்டுபோனான். நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனதும் அதே ரயிலுக்குத்தான். தண்டவாளமாவது மறுபடி போடப்பட்டது. போன ஆட்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அக்காவின் தாத்தாவும் அதில் ஒருவர். இதை அவர் நமக்குச் சொன்னது அந்த ரயில் நிலையத்திலேயே, பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டே, ஊர்ச் சேதி சொல்வது போல.

அன்று வெள்ளிக்கிழமை. கிளந்தானில் வெள்ளிதான் ஓய்வு நாள். நம்மவர்களுக்கு அது வசதி. கோயிலில் விளக்கேற்ற லீவு போட வேண்டாம். ஆனால் தைப்பூசத்துக்கு அந்த மாநிலத்தில் பொது விடுமுறை கிடையாது. "எங்களுக்கு வெள்ளிக்கெழம எல்லாம் தைப்பூசம்" என்று சிரித்தார் அக்கா.

வீடு பழைய பலகை வீடு, ஆனால் துப்புரவு. சிமிண்டுத் தரையில் முகம் பார்க்கலாம். வாசலில் முருங்கை, கறிவேப்பிலை, வேலி முழுக்க நீலச் சங்குப்பூ. எங்களுக்கு முன் அறை என்று முன்கூட்டியே முடிவு செய்து, புது மெத்தை விரிப்பு, புதுத் துண்டு எல்லாம் எடுத்து வைத்திருந்தார். குளிக்க வெந்நீர் தயாராக இருந்தது. "குளிச்சிட்டு வாங்க, பசியாறலாம்."

பசியாறலா அது! தோசை, தேங்காய்ச் சட்னி, நெத்திலிச் சம்பால், அதற்கு மேல் பக்கத்துக் கம்பத்து மக்சிக் கொண்டுவந்து கொடுத்த நாசி கெராபு. அந்தச் சோறு நீல நிறத்தில் இருக்கும். சங்குப்பூவை ஊறவைத்த தண்ணீரில் வேகவைப்பது. "காலையில சாமிக்குப் பறிச்சது போக மிச்சம் மக்சிக்குக்கு. அவங்க அதையே சோறாக்கித் திருப்பிக் கொடுக்கிறாங்க" என்றார் அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவிடம் அவர் பேசிய மலாய் நமக்குப் பாதிதான் புரிந்தது. டெமோ என்கிறார், காப்போ என்கிறார். சுத்தமான கிளந்தான் பேச்சு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரும் தமிழச்சி என்று சொல்ல மாட்டார்கள்.

அந்த மக்சிக் உறவு எப்படி வந்தது என்று துணைவியார் கேட்டார். 2014 டிசம்பர் வெள்ளத்தில் வந்தது. அந்த வெள்ளத்தில் கோலக்கிராய் பட்ட பாட்டைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். கிளந்தான் ஆறு ஏறி வீடுகளை அப்படியே அடித்துக்கொண்டு போனது. கெமுபு ரயில் பாலமே போய்விட்டது. ரயில் பாதை பழைய நிலைக்குத் திரும்பச் சில ஆண்டுகள் பிடித்தன. இந்தத் தோட்டத்து லயம் மேட்டில் இருந்ததால் தப்பியது. ஆற்றோரக் கம்பத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மேலே ஏறி வந்தார்கள். அக்கா வீட்டில் மட்டும் பதினேழு பேர், ஒன்பது நாள். கரண்டு இல்லை, கடை இல்லை. இருந்த அரிசியைக் கஞ்சியாக்கி ஊற்றினார். அந்த வெள்ளத்தின் நடுவில்தான் அவருடைய கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதை இல்லை. தண்ணீர் சூழ்ந்து நின்ற நேரத்தில் மேட்டில் குழி வெட்டியவர்கள் யார் தெரியுமா? மக்சிக்கின் மகன்கள்.

இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் துணைவியார் நம்மைச் சும்மா விடமாட்டார். வளர்த்த கோழியை அடித்துக் குழம்பு, ஆற்று மீன் பொரியல், முருங்கைக்கீரைப் பொரியல், ரசம். ரசத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் புடு. நெத்திலியை உப்பில் போட்டு மாதக்கணக்கில் நொதிக்க விட்டு எடுக்கும் கிளந்தான் சரக்கு அது. பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சம்பழச் சாறு கலந்து வைத்திருந்தார். வாசம் முதலில் பயமுறுத்தியது. ஆனால் பச்சைக் காராமணியை அதில் தொட்டுத் தின்றபோது மூன்றாவது தட்டுச் சோறு எப்படி உள்ளே போனது என்று தெரியவில்லை. "தலைவரே, இங்க மகஜர் கொடுக்கிற வேல இல்ல, சாப்புடுங்க" என்று அகப்பையோடு நிற்கிறார். சாயங்காலம் டுரியான். அங்கே அப்போது பழக்காலம்.

இப்படி ஒரு நாள் விருந்துக்கு என்ன செலவாகும்? இதை யோசிக்காமல் சாப்பிட்டு வருவது சரியில்லை. அக்கா முன்பு பால்வெட்டுக்காரர். கித்தா மரங்களை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிரிப்பழம் பொறுக்குகிறார். நாள் முழுக்கக் குனிந்த வேலை, முழங்கால் போய்விட்டது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்குப் பதினொரு விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போகிறது, சொக்சோ போகிறது, கடைக்கணக்கு போகிறது. அந்தச் சம்பளத்தில்தான் ஆற்று மீனும் புதுத் துண்டும். நம் துணைவியார் சத்தம் போடாமல் தோட்டத்துக் கடைக்குப் போய், "அக்கா கணக்கு எவ்வளவு? நான் கட்டிடறேன்" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "ஊர்லேருந்து ஆளு வருவாங்க, காசு கொடுப்பாங்க, வாங்கக்கூடாதுன்னு அக்கா நேத்தே சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்றாராம்.

ஆகையால் வாசகர்களே, உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் 20-ஆம் தேதிக்கு மேல் போகாதீர்கள். சம்பளம் முடிந்த மாதத்தை அடுத்த ஏழு நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். பத்துத் தேதிக்குப் போனால் அவர்களுக்கும் பாரமில்லை. போகும்போது அரிசியோ சீனியோ வாங்கிக்கொண்டு போங்கள். காசாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். மூட்டையாக இறக்கிவிட்டால் என்ன செய்ய முடியும்?

சங்கத்து ஆள் வந்திருக்கிறார் என்ற சேதி அதற்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு நான்காவது வீட்டுப் பெண் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து வாசலில் நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் ஒரு பிள்ளை. 2024-இல் அவள் கணவன் காலையில் மோட்டாரில் பெரட்டுக்குப் போகும் வழியில் லாரி மோதிச் செத்துப்போனான். "தோட்டத்துக்கு வெளிய, சடக்குல நடந்தது, சொக்சோ கிடைக்காது" என்று ஒரு கிராணி சொல்லியிருக்கிறார். அவளும் நம்பிவிட்டாள்.

கிடைக்கும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழக்கமான பாதையில், போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும் வேலை விபத்துதான். அதில் இறந்தவரின் குடும்பத்துக்கு மாதா மாதம் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு. சராசரி நாள் சம்பளத்தில் 90 விழுக்காட்டைக் கணக்காக வைத்து, அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும் ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு 21 வயது அல்லது கல்யாணம் வரை. மேற்படிப்புப் படித்தால் முதல் பட்டம் முடியும் வரை. அக்கா பாயை விரித்துப் போட்டு, இறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், பிறப்புப் பத்திரங்கள், போலீஸ் புகார், சம்பளச் சீட்டு, பேங்கு புத்தகம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். கல்யாணப் பத்திரம் மட்டும் நைந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து முடிக்கும்போது மணி பதினொன்று. நடுவில் இரண்டு தடவை கோப்பி வந்தது, அந்தப் பிள்ளைக்குப் பால் வந்தது. அந்தப் பெண்ணைச் சாப்பிட வைத்துத்தான் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்.

அவள் போன பிறகுதான் அக்கா தன் சங்கதிக்கு வந்தார். அதுவும் துணைவியார் கேட்டதால். நாங்கள் போனபோது அவருக்கு ஐம்பத்தொன்பது. அறுபது நிறைய எட்டு மாதம் இருந்தது. அறுபதானால் வேலை முடியும். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலை செய்யும் காலத்தில் தோட்டத்து வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நாற்பது வருஷம் உழைத்தவர் வேலையை விட்டு இறங்கும்போது அவருக்கு ஒரு வீடு கொடுத்தாக வேண்டும் என்று சொல்ல எந்தச் சட்டமும் இல்லை. அதற்காக நம் சங்கத்தார் எழுதாத கடிதம் இல்லை. கூட்டத்தில் எத்தனையோ தடவை நாமே முழங்கியிருக்கிறோம். ஆனால் வயிறு நிறையச் சோறு போட்டவர், அந்த வீட்டின் தரையிலேயே உட்கார்ந்து, "எட்டு மாசம் இருக்கு தலைவரே" என்று சொல்லும்போது தொண்டையில் பேச்சு வரவில்லை.

மகன் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். வா என்கிறான். எங்களோடு பேராக்குக்கு வந்துவிடுங்கள் என்று துணைவியார் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். "அவரு இங்கதான் மேட்டுல இருக்காரு. மகளும் இங்கதான், பேத்தி ரெண்டாம் வகுப்பு படிக்குது. இங்க இருக்கிறது ஒரே பள்ளிக்கூடம். ஒவ்வொருத்தரா கெளம்பிட்டா அங்க யாரு உக்காந்து அ, ஆ சொல்றது?" ஐம்பத்தைந்து வயதில் எடுத்திருக்கக்கூடிய சேமநிதிப் பணத்தை அவர் தொடவில்லை. அதை ஒரேயடியாகக் கொட்டி வீடு வாங்க வேண்டாம், தேவைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வட்டியோடு அங்கேயே இருக்க விடுங்கள், பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்குப் பாருங்கள் என்று நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். தலைவரே என்று கூப்பிட்டதற்கு அவ்வளவுதான் நம்மால் முடிந்தது.

ஞாயிறு காலை கிளம்பும்போது ஒரு அட்டைப்பெட்டி தயாராக இருந்தது. இரண்டு போத்தல் புடு, காய்ந்த மீன், முருங்கைக்கீரை, ஒரு சீப்பு வாழைப்பழம், வழியில் சாப்பிட எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம். புடு போத்தலை ரயிலில் தலைகீழாக வைக்கக்கூடாது என்று மூன்று தடவை சொன்னார். வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெட்டியில் பயணம் செய்தவர்களைக் கேட்க வேண்டும். நல்ல வேளை, துணைவியார் ராத்திரி முழுக்க மடியிலேயே வைத்திருந்தார்.

அந்தப் பெண்ணின் மனு கோத்தா பாரு சொக்சோ அலுவலகத்தில் பதிவாகி, போலீஸ் அறிக்கையின் முழு நகல் வேண்டும் என்று கடிதம் வந்தது. அக்காவே கூடப் போய் வாங்கிக் கொடுத்தார். அதற்கு நடுவில் ஒருநாள் ராத்திரி போன் செய்தார்.

"வீடு பாத்தாச்சு தலைவரே. பள்ளிக்கூடத்துக்குப் பக்கம்தான். சின்ன ஊடு, தண்ணி கொஞ்சம் மெதுவா வருது. ஆனா முன்னறையில ரெண்டு பாய் விரிக்க எடம் இருக்கு. தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க."