டிராக்டர் சக்கரத்துக்கு ஸ்பேசர் போடுவோர் கவனத்துக்கு: சரியான போல்ட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மக்காச்சோளம், பருத்தி, கரும்பு போன்ற வரிசைப் பயிர்களில் களை எடுக்கவும் மண் அணைக்கவும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆகவே சிறிய டிராக்டரைப் பயிர் வரிசைகளுக்கு நடுவே ஓட்டி இடை உழவு செய்யும் பழக்கம் பரவி வருகிறது. இதற்கு டிராக்டர் சக்கரங்களின் இடைவெளி பயிர் வரிசையின் இடைவெளிக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாதபோது, ஹப்புக்கும் சக்கரத் தட்டுக்கும் நடுவே ஓர் உலோக வளையத்தை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளிப் பூட்டுகின்றனர். இவ்வளையமே ஸ்பேசர் எனப்படுகிறது.

ஸ்பேசரை விலை பேசி வாங்குவோர், அதைப் பூட்டும் போல்ட்டைப் பற்றிப் பெரும்பாலும் நினைப்பதில்லை. கழற்றிய பழைய போல்ட்டையே திரும்பவும் முடுக்கி விடுகின்றனர். அல்லது கடையில் கிடைத்த நீளமான போல்ட் ஒன்றை வாங்கிப் பூட்டுகின்றனர். இரண்டுமே ஆபத்தானவை. களை எடுக்க வேண்டிய வாரத்தில் சக்கரம் கழன்றால் அந்தப் பட்டம் வீணாகும். சாலையில் கழன்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஸ்பேசரையும் அதற்குரிய போல்ட்டையும் ஒரே பொருளாக எண்ணி, இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்பேசர் தேவைதானா?

முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு பக்கச் சக்கரத்தின் நடுவிலிருந்து மறுபக்கச் சக்கரத்தின் நடு வரை உள்ள தூரம், பயிர் வரிசை இடைவெளியைப் போல் இரு மடங்கு இருந்தால், டிராக்டர் இரண்டு வரிசைகளைக் கவட்டில் விட்டுச் செல்லும். 60 செ.மீ. இடைவெளிப் பயிருக்கு 120 செ.மீ. தேவை. 75 செ.மீ. இடைவெளிக்கு 150 செ.மீ. தேவை. உங்கள் டிராக்டரில் 110 செ.மீ. இருந்து, பயிர் 60 செ.மீ. வரிசையில் இருந்தால், பக்கத்துக்கு 5 செ.மீ. குறைகிறது. அந்த 5 செ.மீ. அளவுக்குச் சக்கரம் பயிரை நெருங்கி ஓடும். வேரும் இலையும் அடிபடும்.

உடனே ஸ்பேசர் வாங்க ஓட வேண்டாம். பெரும்பாலான டிராக்டர்களில் பின் சக்கரத் தட்டைத் திருப்பிப் போட்டும், ரிம்மில் தட்டு பூட்டும் இடத்தை மாற்றியும் இடைவெளியைப் பல படிகளில் கூட்டிக் குறைக்கலாம். முன் அச்சையும் அதன் துளைகளைக் கொண்டு நீட்டிச் சுருக்கலாம். இவ்விவரங்கள் டிராக்டருடன் தரப்பட்ட கையேட்டில் படத்துடன் இருக்கும். சக்கரத்தைத் திருப்பிப் போடும்போது டயர் பட்டைகளின் திசை மாறிவிட்டால், இடப்பக்கச் சக்கரத்தை வலப்பக்கமும் வலப்பக்கச் சக்கரத்தை இடப்பக்கமும் மாற்றிப் பூட்ட வேண்டும். இவற்றாலும் தேவையான இடைவெளி கிடைக்காவிட்டால் மட்டுமே ஸ்பேசரை நாட வேண்டும். கம்பெனி அதை அனுமதிக்கிறதா, உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்பதை விற்பனையாளரிடம் முன்னதாகவே கேட்டுக் கொள்வது நல்லது.

சக்கரத்தைப் பிடித்திருப்பது எது?

டிராக்டரின் பாரத்தைப் போல்ட்டுகளே தாங்குகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. போல்ட்டை முடுக்கும்போது அது சுருள்வில் போல மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட போல்ட் மீண்டும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பினால் தட்டும் ஹப்பும் ஒன்றோடொன்று இறுக அழுத்தப்படுகின்றன. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது.

இறுக்கம் குறைந்தால் தட்டு அசையத் தொடங்கும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் போல்ட் இப்படியும் அப்படியும் வளையும். ஒரு கம்பியைப் பலமுறை வளைத்தால் ஒடிவதைப் போல, ஒரு நாள் அதுவும் ஒடியும். எனவே ஒடிந்த போல்ட்டைக் கண்டதும் "இரும்பு மட்டம்" என்று மட்டும் முடிவு செய்யக் கூடாது. இறுக்கம் ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். நீளம், மரை, தலையின் வடிவம், பலம் ஆகிய நான்கும் சரியாக இருந்தால்தான் இறுக்கம் நிலைக்கும்.

1. நீளம்

ஸ்பேசரின் கனம் எவ்வளவோ அவ்வளவு போல்ட்டின் நீளமும் கூட வேண்டும். பழைய போல்ட் 45 மி.மீ., ஸ்பேசர் 20 மி.மீ. என்றால் புதிய போல்ட் 65 மி.மீ. இருக்க வேண்டும். பழையதையும் புதியதையும் ஒரே இடத்திலிருந்து, அதாவது தலை தட்டில் அமரும் பகுதி முடியும் இடத்திலிருந்து நுனி வரை, அளக்க வேண்டும்.

அளந்ததோடு நிறுத்தாமல் சுற்றுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்பேசர் போடுவதற்கு முன்பே, தளர்த்திய பழைய போல்ட்டைக் கையால் திருகி, ஹப்பினுள் எத்தனை சுற்று ஏறியிருக்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். ஸ்பேசர் போட்ட பின் புதிய போல்ட்டும் அத்தனை சுற்றாவது ஏற வேண்டும். எஃகு ஹப்பில் போல்ட்டின் குறுக்களவுக்குச் சமமான ஆழமாவது மரை ஏறியிருக்க வேண்டும் என்பது பொது விதி. 1.5 மி.மீ. மரையுள்ள 12 மி.மீ. போல்ட் என்றால் 8 சுற்று, 14 மி.மீ. போல்ட் என்றால் 10 சுற்று, 16 மி.மீ. போல்ட் என்றால் 11 சுற்று. வார்ப்பிரும்பு ஹப் என்றால் இதைப் போல் ஒன்றரை மடங்கு இருப்பது நல்லது.

ஸ்டட்டில் நட் பூட்டும் அமைப்பு என்றால், நட் முழுவதும் மரையால் நிறைந்து, ஸ்டட்டின் நுனி இரண்டு மூன்று மரை அளவுக்கு வெளியே தெரிய வேண்டும். நட் பாதிதான் ஏறுகிறது என்றால் நீளமான ஸ்டட்டுகளை மாற்றிய பிறகே ஸ்பேசர் போட வேண்டும்.

நீளம் கூடினாலும் தீமையே. துளையின் அடி மூடியிருந்தால் போல்ட்டின் நுனி அடியில் முட்டி நின்றுவிடும். ஸ்பானருக்கு இறுகியது போலத் தோன்றும். ஆனால் தட்டு இறுகியிருக்காது. துளை திறந்திருந்தால் நுனி மறுபுறம் நீண்டு பிரேக் பாகத்திலோ ஆயில் சீலிலோ உரசும். ஆகவே பூட்டியதும், சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, உரசும் ஒலி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்பேசர் ஏறத்தாழ 25 மி.மீ.க்கு மேல் கனமாக இருந்தால், நீண்ட போல்ட்டை ஊடே விட்டுப் பூட்டும் வெறும் வளையம் ஏற்றதன்று. ஸ்பேசரைத் தனியாக ஹப்பில் பூட்டி, ஸ்பேசரிலேயே உள்ள ஸ்டட்டுகளில் சக்கரத்தைப் பூட்டும் வகையே நல்லது. மேலே சொன்ன 5 செ.மீ. கணக்குக்கு இவ்வகையே பொருந்தும். இதில் ஸ்பேசரை ஹப்போடு பிணைக்கும் உள் நட்டுகளோ போல்ட் தலைகளோ ஸ்பேசரின் முகப்பைத் தாண்டி நீட்டக் கூடாது. நீட்டினால் சக்கரத் தட்டு அவற்றின் மேல் உட்காரும், ஸ்பேசரில் படியாது.

2. மரை

குறுக்களவு ஒன்றாக இருந்தாலும் மரை வேறாக இருக்கலாம். 16 மி.மீ. போல்ட்டில் 2 மி.மீ. மரையும் உண்டு, 1.5 மி.மீ. நெருக்க மரையும் உண்டு. அங்குலக் கணக்கில் வரும் 5/8 அங்குல போல்ட்டும் கண்ணுக்கு 16 மி.மீ. போலவே தோன்றும். இவற்றை மாற்றிப் பூட்டினால் இரண்டொரு சுற்று ஏறிச் சிக்கிக் கொள்ளும். ஸ்பானரால் பலவந்தமாக முடுக்கினால் ஹப்பின் மரையே அழிந்துவிடும். போல்ட்டை மாற்றுவது எளிது. ஹப்பை மாற்றுவது பெருஞ்செலவு.

பழைய போல்ட்டைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பழையதையும் புதியதையும் பக்கவாட்டில் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் படிந்து, இடையே ஒளி தெரியாவிட்டால் மரை ஒன்றே. பூட்டும்போது போல்ட் விரலாலேயே முழுவதும் ஏற வேண்டும். ஸ்பானர் கடைசியாக இறுக்குவதற்கு மட்டுமே.

3. தலையின் வடிவம்

சக்கரத் தட்டின் துளையில் படியும் பகுதி, கூம்பாக இருக்கலாம், உருண்டையாக இருக்கலாம், தட்டையாக இருக்கலாம். தட்டின் துளை எவ்வடிவமோ போல்ட்டும் அவ்வடிவமே இருக்க வேண்டும். கூம்புத் துளையில் உருண்டைத் தலையை முடுக்கினால், மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே படியும். ஓடும்போது அக்கோடு நசுங்கி இறுக்கம் போய்விடும்.

சோதிக்க எளிய வழி உண்டு. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் துளையின் ஓரத்தில் மெல்லியதாகத் தடவி, போல்ட்டை இலேசாக முடுக்கிக் கழற்றிப் பாருங்கள். தலையில் அகலமான கரி வளையம் முழுச் சுற்றும் பதிந்திருந்தால் பொருத்தம் சரி. மெல்லிய கோடாகவோ ஒரு பக்கம் மட்டுமோ பதிந்திருந்தால் அந்தப் போல்ட் ஆகாது. சோதித்தபின் கரியையும் எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும். கூம்புத் தலைக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போடக் கூடாது.

4. பலம்

போல்ட்டின் தலையில் 8.8, 10.9 போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 8.8 எண்ணுள்ள போல்ட், சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 65 கிலோ இழுவை வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 4.6 எண்ணுள்ள சாதாரண மென்னிரும்புப் போல்ட் ஏறக்குறைய 24 கிலோதான் தாங்கும். பாதி கூட இல்லை. அங்குலப் போல்ட்டுகளில் எண்ணுக்குப் பதில் கோடுகள் இருக்கும். 3 கோடுள்ளது ஏறக்குறைய 8.8-க்கும், 6 கோடுள்ளது ஏறக்குறைய 10.9-க்கும் சமம். கம்பெனி போட்ட போல்ட்டில் என்ன குறியோ, அதே குறியுள்ளதை வாங்குங்கள். நட்டும் அதற்கு ஈடான பலமுள்ளதாக இருக்க வேண்டும். தலையில் எந்தக் குறியும் இல்லாத போல்ட்டைச் சக்கரத்துக்குப் பயன்படுத்தவே கூடாது.

செய்யக் கூடாதவை

பழைய போல்ட்டின் நுனியில் வெல்டிங் வைத்து நீட்டக் கூடாது. சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் கெட்டுவிடும். லேத் பட்டறையில் சாதாரணக் கம்பியைக் கடைந்து செய்த போல்ட்டும் வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் போடக் கூடாது. ஸ்பேசருக்குப் பதில் ஒவ்வொரு போல்ட்டிலும் வாஷர்களை அடுக்குவது மிகவும் ஆபத்தானது. ஸ்பேசர் போட்ட சக்கரத்தின் மேல் கேஜ் வீலும் மாட்டக் கூடாது. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, அச்சுக்கும் பேரிங்குக்கும் வரும் நெம்பு பாரம் கூடுகிறது. ஆகவே பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுக்கும் காலத்தில் ஸ்பேசரைக் கழற்றிவிட்டு, பழைய போல்ட்டுகளையே பூட்டிக் கொள்வது நல்லது. ஸ்பேசருக்கான நீண்ட போல்ட்டை ஸ்பேசர் இல்லாமல் பூட்டக் கூடாது.

பூட்டும் முறை

ஹப், ஸ்பேசர், தட்டு ஆகியவற்றின் முகப்பிலுள்ள துரு, சேறு, தடித்த பெயிண்ட் ஆகியவற்றைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்யுங்கள். நடுவே பெயிண்ட் இருந்தால் அது நசுங்கியதும் இறுக்கம் குறையும். எல்லாப் போல்ட்டையும் கையால் ஏற்றிய பின், எதிரெதிராக மாற்றி மாற்றி இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், போல்ட்டின் நடுவிலிருந்து சரியாக 1 மீட்டர் தூரத்தில் ஸ்பானர் குழாயின் நுனியில் ஸ்பிரிங் தராசைக் கட்டி, குழாய்க்குச் செங்குத்தாக இழுக்கலாம். தராசு 20 கிலோ காட்டினால் அது 196 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்குச் சமம். குழாயின் மேல் ஏறி நின்று மிதிப்பது கூடாது. போல்ட் அளவுக்கு மேல் நீண்டு பலமிழக்கும். கையேடு சொல்லாவிட்டால் மரையில் எண்ணெய் தடவ வேண்டாம்.

முதல் 1 மணி நேரம் ஓட்டியபின் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். பிறகு 10 மணி, 50 மணி ஓட்டத்துக்குப் பின் பாருங்கள். தனியாகப் பூட்டும் ஸ்பேசர் என்றால் சக்கரத்தைக் கழற்றி உள் நட்டுகளையும் பார்க்க வேண்டும். நட்டிலிருந்து தட்டு வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் நட் திரும்பியிருக்கிறது என்று பொருள். நட்டைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்தாலும் தட்டு அசைகிறது என்று அறியலாம். ஒரு போல்ட் ஒடிந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லாப் போல்ட்டையும் மாற்றிவிடுங்கள். மற்றவையும் அளவுக்கு மீறிய பாரத்தைத் தாங்கி நைந்திருக்கும்.

சந்தேகம் இருப்பின் கம்பெனியின் சர்வீஸ் பட்டறையையோ, அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ அணுகலாம். போகும்போது பழைய போல்ட்டையும் ஸ்பேசரின் கன அளவையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். டிராக்டர் சக்கரத்துக்குப் போல்ட்டுகளே அச்சாணி. அவற்றைச் சரிபார்க்கச் செலவிடும் அரை மணி நேரம், பயிரையும் பொருளையும் ஆளையும் காக்கும்.